எதுக்குப் போறீங்கன்னு கேக்காத டிக்கெட்

ஒரு சின்ன கேள்வி. கடைசியா நீங்க பஸ்ல ஏறினப்போ, "எதுக்குப் போறே? என்ன வேலையா போறே?"ன்னு யாராவது கேட்டாங்களா? ரொம்ப யோசிக்காதீங்க. கேட்டிருக்க மாட்டாங்க. காசைக் குடுத்தோமா, சீட் கிடைச்சுதா, ஹெட்போனை மாட்டினோமான்னு போய்ட்டே இருப்போம். படத்துக்குப் போனாலும் சரி, காலேஜை கட் அடிச்சுட்டு சும்மா ஊர் சுத்தினாலும் சரி, அது நமக்கும் நம்ம மனசாட்சிக்கும் நடுவுல உள்ள விஷயம்.

எங்க சித்தப்பாவுக்கு அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா ஆரம்பிச்சது வேற மாதிரி.

"மழை பேஞ்சு புளியஞ்சோலைல தண்ணி வந்திருக்காம். நீ துறையூர் பக்கத்துப் பொண்ணுதானே? போய் ஜாலியா ஒரு மேட்டர் எழுதிட்டு வா"ன்னு எங்க எடிட்டர் சார் சொன்னாரு. மூணாவது வருஷம் மெக்கானிக்கல், கையில ரெண்டு அரியர், அதுக்கு நடுவுல பத்திரிகையில இன்டர்ன் வேலை. ஜாலியா ஒரு மேட்டர்னா கசக்குமா என்ன? உடனே தலையாட்டிட்டேன்.

தெரியாதவங்களுக்கு: கொல்லிமலைன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது நாமக்கல் பக்கம், காரவள்ளியில இருந்து ஏறுற அந்த 70 கொண்டை ஊசி வளைவுதான். மலைக்கு இன்னொரு அடிவாரம் இருக்கு. அது திருச்சி மாவட்டம். துறையூர் தாண்டி, உப்பிலியபுரம் பக்கமா போனா ரோடு முடியற இடத்துல புளியஞ்சோலை. மேல இருந்து இறங்கி வர்ற தண்ணி பாறைக்குப் பாறை தாவி ஓடையா ஓடும். மரத்துக்கு மரம் குரங்கு இருக்கும், சீசன்ல பலாப்பழமும் அன்னாசியும் கிடைக்கும். எங்க ஏரியா பசங்களுக்கு லீவுன்னா முதல் சாய்ஸ் இதுதான். நடந்தே மலையேறி ஆகாய கங்கை வரைக்கும் போற வீரர்களும் உண்டு. நான் அந்த லிஸ்ட்ல இல்லை.

வர்றேன்னு சொன்ன நாலு ஃப்ரெண்ட்ஸும் இன்டர்னல் டெஸ்ட்டைக் காட்டி கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டாளுங்க. தனியா விட அம்மா சம்மதிக்கலை. "சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போ"ன்னாங்க.

சித்தப்பாவுக்கு வயசு 44. ரெண்டு வயசுல போலியோ. வலது காலுக்கு இரும்புப் பட்டையும் தோல் வாரும் வச்ச காலிப்பர், கையில ஒரு ஊன்றுகோல். துறையூர்ல ஒரு டெய்லர் கடையில வேலை. இடது காலாலயே மெஷின் மிதிச்சுப் பழகி, இப்போ மோட்டார் வச்ச மெஷின். எங்க ஸ்கூல் யூனிஃபார்ம் மொத்தமும் அவர் தைச்சதுதான். ஃப்ரெண்ட்ஸ், நம்ம தலைமுறைக்கு போலியோன்னா வாயில ரெண்டு சொட்டு, கையில மை, அவ்வளவுதான். 1995-ல பல்ஸ் போலியோ ஆரம்பிச்சாங்க. 2011-க்கு அப்புறம் நாட்டுல இயற்கையான போலியோ வைரஸால அந்த நோய் யாருக்கும் வரலை. சித்தப்பா அதுக்கு முந்தைய பேட்ச்.

"அங்க வந்து நான் என்ன பாப்பா பண்ணப்போறேன்?"னாரு. கடைசியா எப்போ போனீங்கன்னு கேட்டேன். பதினோரு வயசுல, எங்கப்பா தோள்ல உக்காந்து போனதாம். அதுக்கப்புறம் 33 வருஷம். வீட்டில இருந்து புளியஞ்சோலைக்கு ஒண்ணேகால் மணி நேர பஸ்தான்.

"உங்ககிட்டதான் ஃப்ரீ பாஸ் இருக்கே?"ன்னு ரொம்பப் புத்திசாலித்தனமா கேட்டேன். சித்தப்பா சிரிச்சாரு. "அது வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல போறதுக்குப் பாப்பா. குளிக்கப் போறதுக்கு இல்ல."

எனக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது. உங்கள்ல பல பேருக்கும் தெரிஞ்சிருக்காதுங்கற தைரியத்துல சொல்றேன். தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கு ரொம்ப காலமாவே இலவச பஸ் பாஸ் உண்டு. ஆனா அது காரணத்தோட சேர்ந்து வர்ற பாஸ். வேலைக்குப் போறீங்களா, பள்ளி கல்லூரிக்கா, ஆஸ்பத்திரிக்கா, பயிற்சி மையத்துக்கா? அதுக்கு அத்தாட்சி குடுத்தா, வீட்டில இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள, அந்த இடத்துக்குப் போய் வர பாஸ். வேலைன்னா முதலாளிகிட்ட கடிதம் வாங்கணும். வருஷா வருஷம் புதுப்பிக்கணும். சித்தப்பா பாஸ் மார்ச் 31 வரைக்கும்தான் செல்லும். இது இல்லாம, வெளியூர் போற அரசு பஸ்ல முக்கால்வாசிக் கட்டணம் தள்ளுபடி, கால்வாசி கட்டினா போதும்னு ஒரு சலுகை இருக்கு. ரயில்லயும் சில பிரிவினருக்கு சாதாரண ஸ்லீப்பர்ல 75 சதவீதம் தள்ளுபடி, துணைக்கு வர்றவருக்கும் சேர்த்து.

குறை சொல்றதா நினைக்காதீங்க. இந்த பாஸ் இல்லேன்னா சித்தப்பா சம்பளத்துல ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போயிருக்கும். அவரே அப்படித்தான் சொல்வாரு. ஆனா நல்லா கவனிச்சுப் பாருங்க. வேலை, படிப்பு, வைத்தியம், பயிற்சி. இந்த நாலுக்கு வெளியில ஒரு மனுஷனுக்கு வேற எந்தப் பயணமும் இருக்காதா? கல்யாணத்துக்கு? கோயிலுக்கு? சும்மா பழைய ஃப்ரெண்டைப் பாக்க?

(எங்கேயும் இதே கதைதான் போல. இங்கிலாந்துல மாற்றுத்திறனாளி பாஸ் இருந்தா 2008-ல இருந்து நாடு முழுக்க உள்ளூர் பஸ்ல இலவசம். கேக்க செமயா இருக்குல்ல? ஆனா வார நாள்ல காலை ஒன்பதரைக்கு மேலதான் செல்லும்! சில ஊர்கள்ல விதிவிலக்கு உண்டு. ஒன்பது மணிக்கு வேலைக்குப் போறவங்களோட நிலைமை? நம்ம ஊர்ல வேலைக்கு மட்டும் போ, அங்க வேலை நேரம் தவிர போ. நல்ல காமெடி.)

இந்த நாலு காரணத்தையும் உடைச்சது 2021-ல வந்த விஷயம். அந்த வருஷம் மே மாசம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு அறிவிச்சது நமக்கெல்லாம் தெரியும். கேர்ள்ஸ், நாம தினமும் அனுபவிக்கறோம். அதே வருஷம் அதை திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவங்க கூட வர்ற ஒரு உதவியாளருக்கும் நீட்டிச்சாங்க. டவுன் பஸ்ல மட்டும்தான், எக்ஸ்பிரஸ்லயோ பிரைவேட் பஸ்லயோ செல்லாது. ஆனா எதுக்குப் போறீங்கன்னு கேள்வி கிடையாது. இது சித்தப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் நாலு வருஷத்துக்கு மேல அவர் கடை, வீடு, கடை, வீடுதான். காரணம் சொல்லியே பழகின ஆளுக்குக் காரணமே இல்லாம பஸ் ஏற வரலையோ என்னவோ.

ஒரு வழியா ஒரு ஞாயித்துக்கிழமை கெளம்பிட்டோம்.

டவுன் பஸ் வந்துச்சு. நான் ஏறினேன். மேல நின்னு திரும்பிப் பார்த்தா சித்தப்பா இன்னும் கீழதான். முதல்ல ஊன்றுகோலை என்கிட்ட குடுத்தாரு. ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு, இடது காலைத் தூக்கி வச்சு, உடம்பை மொத்தமா கையாலயே மேல இழுத்து, பின்னாடி காலிப்பர் கால் இரும்புச் சத்தத்தோட படியில மோதி... இப்படி மூணு தடவை, மூணு படி. கண்டக்டர் அண்ணன் விசில் ஊதாம பொறுமையா நின்னாரு. அவருக்கு நிஜமாவே ஒரு சல்யூட். பின்னாடி ஒரு பெருசு மட்டும் "சீக்கிரம் ஆகட்டும்பா"ன்னுச்சு.

மெக்கானிக்கல் படிக்கற பொண்ணுக்கு அரிப்பு சும்மா இருக்குமா? இறங்கறப்போ பேக்ல இருந்த டேப்பை எடுத்து அளந்தேன். தரையில இருந்து முதல் படி 41 சென்டிமீட்டர். எங்க காலேஜ் மாடிப்படி 15. அதாவது ரெண்டே முக்கால் படியை ஒரே எட்டுல ஏறணும், ஒரு கால்ல. நம்ம ஊர்ல பஸ் தளத்தோட உயரத்துக்கு மூணு கணக்கு இருக்கு: 900 மில்லிமீட்டர், 650, 400. சக்கர நாற்காலியில இருக்கறவங்களோ சித்தப்பா மாதிரி ஆட்களோ ஓரளவு நிம்மதியா ஏறணும்னா 400. இதுக்காக மாற்றுத்திறனாளிகள் உரிமைக்குப் போராடறவங்க சென்னை உயர் நீதிமன்றத்துல வருஷக்கணக்கா வழக்கு நடத்தினாங்க. ரோடு சரியில்லை, மழைத் தண்ணி நிக்கும், விலை அதிகம்னு பதில் வந்துச்சு. கடைசியில 2024 ஆகஸ்ட்ல சென்னையில தாழ்தள பஸ்கள் ஓட ஆரம்பிச்சுது. ஸ்டாப்புல நின்னதும் பஸ்ஸே ஒரு பக்கமா சாய்ஞ்சு குனிஞ்சு குடுக்கும். சென்னைக்காரங்க குடுத்து வச்சவங்க. துறையூருக்கு எப்போன்னு என்னைக் கேக்காதீங்க.

2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 41-வது பிரிவே போக்குவரத்துக்குத்தான். பழைய வண்டிகளையும் முடிஞ்ச வரைக்கும் மாத்தணும்னு இருக்கு. சட்டம் தானா வண்டியை மாத்தாதுன்னு அமெரிக்காக்காரங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. 1978 ஜூலையில டென்வர் நகரத்துல சக்கர நாற்காலியில இருந்த 19 பேர் நடுரோட்டுல பஸ்ஸை மறிச்சு ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தாங்க. அவங்க டிக்கெட்டை இலவசமா கேக்கலை. காசு குடுக்கறோம், ஏத்திக்கோங்கன்னுதான் கேட்டாங்க.

சரி, நம்ம பஸ்ஸுக்கு வர்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்தாரு, மகளிர் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தாரு. முடிஞ்சுது. சித்தப்பா சட்டைப் பையில இருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதுக்குள்ள இருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாரு. எனக்கு என் மூஞ்சியே அட்டை. அவருக்குக் காலிப்பர் கண் முன்னாடி இருந்தாலும் அட்டை வேணும். ரூல் அது, தப்பில்லைதான். எங்க கிளாஸ்ல காது கேக்காத பையன் ஒருத்தன் இருக்கான். பாத்தா ஒண்ணுமே தெரியாது. அவன் அட்டையை எடுக்கறதுக்குள்ள கண்டக்டர் ரெண்டு தடவை கத்திடுவாரு, சுத்தி இருக்கறவங்க திரும்பிடுவாங்க. 1995 சட்டத்துல ஏழு வகை குறைபாடுதான் இருந்துச்சு, 2016 சட்டத்துல 21. அதுல பாதிக்கு மேல பார்த்தவுடனே கண்ணுக்குத் தெரியாதது. அட்டை இல்லாம எப்படி? அதுவும் சரிதான். ஆனா பஸ்ல ஏறும்போதெல்லாம் "நான் யாரு"ன்னு நிரூபிக்கறது எப்படி இருக்கும்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. நான் யோசிச்சதே இல்லை.

யோசிக்காதது மட்டும் இல்லை. இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் இழுத்தேன். எழுதிடறேன்.

ஃபர்ஸ்ட் இயர்ல, ஏப்ரல் மாசம் முதல் வாரம். எந்த ரூட், எந்த பஸ்னு சொல்ல மாட்டேன். காலேஜ் ஃப்ரெண்ட்ஸோட கடைசி சீட்ல உக்காந்து செம அரட்டை. நடுவுல ஒரு ஸ்டாப்ல சித்தப்பா ஏறினாரு. அது டவுன் பஸ் இல்லை. அவர் பாஸ் மார்ச்சோட முடிஞ்சிருந்துச்சு. புதுசு வாங்க ஆபீஸுக்குப் போகணும், அதுக்கு ஒரு நாள் லீவு போடணும், பாஸ் இல்லாம பஸ்ல போகணும். கண்டக்டர் பாஸை வாங்கிப் பார்த்துட்டு, "இது முடிஞ்சு போச்சே, பாக்கறது இல்லையா?"ன்னாரு. ரூல்படி சரி. குரல்தான் பஸ் முழுக்கக் கேட்டுச்சு. "தெரிஞ்சே ஏறிடறீங்க"ன்னு இன்னொண்ணு. எல்லாரும் திரும்பினாங்க. என் பக்கத்துல இருந்தவ "பாவம்டி"ன்னா. அப்போ கண்டக்டர் கேட்டாரு, "கூட யாரும் வரலையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

அவ்வளவுதான் நடந்துச்சு. சித்தப்பா பர்ஸைத் திறந்து சில்லறையா எண்ணி டிக்கெட் எடுத்தாரு. நின்னுக்கிட்டேதான் வந்தாரு. "ஊனமுற்றோர்"னு பழைய வார்த்தை எழுதியிருந்த சீட்ல ரெண்டு பேர் தூங்கிட்டிருந்தாங்க. (2010-ல கருணாநிதி முதலமைச்சரா இருந்தப்போவே மாற்றுத்திறனாளின்னு வார்த்தையை மாத்தியாச்சு. அந்த பஸ்ஸுக்கு யாரும் சொல்லலை போல.) இறங்கினப்புறம் நான் கூட்டத்தோட நழுவப் பார்த்தேன். சித்தப்பா எனக்காக நின்னுட்டிருந்தாரு. என் டிராயிங் ஷீட் வச்ச குழல் அவர் கையில. "சீட்டுல விட்டுட்டு இறங்கிட்ட பாப்பா"ன்னு குடுத்துட்டு கடைக்கு நடந்துட்டாரு.

எங்க வீட்டில யாருக்கும் இது தெரியாது. இந்த இதழ் வர்ற வரைக்கும்.

புளியஞ்சோலை வந்துச்சு. பஸ் நிக்கற இடத்துல இருந்து ஓடைக்கு நடக்கணும். நமக்கு அது ஒரு செல்ஃபி தூரம். சித்தப்பாவுக்கு கிட்டத்தட்ட அரை மணி நேரம். கடைசி கொஞ்சம் முழுக்க உருண்டைப் பாறை. கைப்பிடின்னு ஒண்ணும் கிடையாது. நான் கை நீட்டினேன். "வேணாம், நீ விழுந்தா என்னையும் இழுத்துட்டுப் போயிடுவ"ன்னாரு. பாறை மேல உக்காந்து உக்காந்து, கையை ஊணி, நகர்ந்தே இறங்கினாரு. அந்தப் பக்கம் கறி சமைச்சுட்டு இருந்த கும்பல் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துட்டு, குரங்கு மசாலா பாக்கெட்டைத் தூக்கினதும் அது பின்னாடி ஓடிட்டாங்க. குரங்குக்கு நன்றி.

காலிப்பரைக் கழட்டினாரு. தண்ணி பட்டா தோல் வார் ஊறிடும், இரும்பு துருப்பிடிக்கும், ரிப்பேர்னா திருச்சிக்குப் போகணும். என் பேக்குக்குள்ள துண்டுல சுத்தி வச்சேன். வலது கால் என் கையை விட மெலிசா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல நான் அதைப் பார்த்ததே இல்லைன்னு அப்போதான் உறைச்சுது. ஆழமான பக்கமா நகர்ந்து போய் பொசுக்குன்னு தண்ணிக்குள்ள விழுந்தாரு. எனக்கு உயிரே போயிடுச்சு.

அந்தப் பக்கம் எழுந்தாரு. நீந்திட்டிருந்தாரு!

மனுஷன் என்ன நீச்சல்ங்கறீங்க! சின்ன வயசுல எங்க தாத்தா கிணத்துல தள்ளி விட்டுக் கத்துக் குடுத்தாராம். "கால் இல்லாட்டி கைதான், நீந்திப் பழகு"ன்னு. டெய்லர் தோள், ஊன்றுகோல் பிடிச்ச கை. ஓடையை எதிர்த்து நாலு வீச்சு போட்டு, தண்ணியோட மல்லாக்க மிதந்து வந்தாரு. முழங்கால் தண்ணியில நின்னு நடுங்கிட்டிருந்தது நான்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த காலேஜ் பசங்க "அண்ணே, டைவ் எப்படிண்ணே?"ன்னு கேக்க, பாறை நுனியில உக்காந்துட்டு அவங்களுக்கு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

ஒரு மணி நேரம் கழிச்சு பக்கத்துல வந்து உக்காந்தப்போ கேட்டேன். "சித்தப்பா, ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு தடவை பஸ்ல..."

"அந்தக் கண்டக்டரா? அவர் மேல தப்பில்லம்மா. பாஸ் முடிஞ்சுதான் போயிருந்துச்சு."

"அதில்ல. நான்..."

"நீ கடைசி சீட்ல இருந்த. ஏறும்போதே பார்த்தேன்." துண்டால தலையைத் துவட்டிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "பேக்கை அந்தப் பக்கம் தள்ளி வை. தண்ணி தெறிக்குது, காலிப்பர் நனைஞ்சிரும்."

தள்ளி வச்சேன்.

திரும்பி வர்றப்போ சாயங்கால டவுன் பஸ். அதே மூணு படி, அதே 41 சென்டிமீட்டர். இந்தத் தடவை வேற கண்டக்டர், வயசானவர். சித்தப்பா அட்டையைக் காட்டினாரு. வாங்கிப் பார்த்துட்டு, "கூட யாராவது வர்றாங்களா?"ன்னு கேட்டாரு.

"நான்தாண்ணே"ன்னேன்.

"நீ லேடீஸ்தானேம்மா. உனக்குத் தனியா ஃப்ரீ இருக்கே." மகளிர் டிக்கெட்டைக் கிழிக்கப் போனாரு.

"இல்லண்ணே. உதவியாளர் டிக்கெட்டே குடுங்க."

"ரெண்டும் சைபர்தாம்மா. எதுக்கு?"

"இருக்கட்டும்ணே. குடுங்க."

ஒரு மாதிரியா பார்த்துட்டு மாத்திக் குடுத்தாரு. சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துட்டிருந்தாரு. உப்பிலியபுரம் வர்றதுக்குள்ள தூங்கிட்டாரு.